தேர் இழுக்க ஊர் உண்டு. அச்சாணி பார்க்க யார் உண்டு?

"இலவசம்" என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் முகத்தில் இருவேறு பாவங்கள் தோன்றுவதைப் பல காலமாகக் கவனித்து வருகிறேன். கடைத்தெருவில் அச்சொல்லைக் கண்டால் கால்கள் தாமாகவே அத்திசை திரும்பும். அதே சொல் வீட்டு வாசலுக்குத் தேடி வந்தாலோ, "இதற்குள் என்ன சூது இருக்கிறதோ?" என்று புருவம் உயரும். ஒன்று வாங்க ஒன்று இலவசமாகக் கிடைத்த சம்போ போத்தல்கள் குளியலறையில் ஆண்டுக்கணக்காக அணிவகுத்து நிற்கும். இலவசமாகக் கிடைத்த அறிவுரையோ அன்று மாலையே மறக்கப்படும். ஆகவே, கணனி உலகில் "திறந்த மூல மென்பொருள்" என்று ஒன்று உண்டு என நான் கூறும்போது, பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, "சும்மா தருகிறார்களாமே, அது நல்லதோ?" என்பதாக இருப்பதில் வியப்பில்லை. அக்கேள்விக்கு விடை கூறுவதும், அவ்விடையிலிருந்து எமது பாடசாலைச் சமூகத்தின் முன் சில வேண்டுகோள்களை வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழுக்கு இல்லாத சிக்கல்

முதலில் மாணவச் செல்வங்கள் பெருமைப்படத்தக்க ஒரு செய்தி. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றனர். இதனால் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கர், தாம் 1983 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அறிவித்த இயக்கம் விலையைப் பற்றியதன்று, சுதந்திரத்தைப் பற்றியது என்பதை நாற்பது ஆண்டுகளாக மேடைக்கு மேடை விளக்கி வருகிறார். தமிழ் தெரிந்திருந்தால் அவருக்கு இத்தனை மேடைகள் தேவைப்பட்டிரா. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்பதை எமது முதலாம் வகுப்பு மாணவரும் அறிவர்.

அவர் கேட்ட சுதந்திரங்கள் நான்கு. ஒரு மென்பொருளை எந்த நோக்கத்துக்காகவும் இயக்கலாம்; அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைத் திறந்து படித்துத் திருத்தலாம்; படியெடுத்து அயலவருக்குக் கொடுக்கலாம்; தாம் திருத்திய படியையும் அவ்வாறே கொடுக்கலாம். இதனை எமது அன்னையர் எளிதில் விளங்கிக் கொள்வர். கடையில் வாங்கும் மிளகாய்த்தூள்ப் பக்கற்றில் என்ன விகிதத்தில் என்ன கலந்துள்ளது என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். அம்மம்மா கைப்படச் சொல்லித் தந்த தூளின் பக்குவமோ அப்படியன்று. பெருஞ்சீரகத்தைக் குறைக்கலாம், மல்லியைக் கூட்டலாம், பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். பக்குவத்தை மறைக்காமல் தருவதே திறந்த மூலம். தூளைச் சும்மா தரவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

1989 இல் ஸ்டோல்மன் இச்சுதந்திரங்களைக் காக்கும் பொது உரிமம் ஒன்றை வெளியிட்டார். 1991 ஆகஸ்ட் 25 ஆம் நாள், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக உலகுக்கு அறிவித்தார். லினக்ஸ் எனப் பெயர் பெற்ற அப்பொழுதுபோக்கு, மறு ஆண்டில் அதே பொது உரிமத்தின் கீழ் வந்தது. 1998 இல் "திறந்த மூலம்" என்ற புதுப்பெயரை ஒரு சாரார் சூட்டினர். ஸ்டோல்மன் இன்றுவரை அதனை ஏற்கவில்லை. நோக்கம் ஒன்று, சங்கம் இரண்டு என்பது தமிழருக்கு மட்டும் உரிய பெருமை அன்று என்று அறிந்து நான் ஓரளவு ஆறுதல் அடைந்தேன்.

"எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை"

"அதெல்லாம் கணனிக்காரர் சமாச்சாரம், எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை" என்று ஒரு தந்தையார் கூறினார். கூறும்போது அவர் கையில் இருந்த அண்ட்ரோயிட் தொலைபேசியின் கருவாக இயங்கிக் கொண்டிருந்தது லினக்ஸ். உலகின் அதிவேகக் கணனிகள் ஐந்நூற்றின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் ஒவ்வொரு கணனியும் லினக்ஸிலேயே இயங்குகிறது. 2024 ஏப்ரலில் ஜேர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, தனது ஏறத்தாழ 30,000 கணனிகளில் லிப்ரே ஒபிஸ் என்ற திறந்த அலுவலக மென்பொருளைப் பயன்படுத்தத் தீர்மானித்தது.

நாம் வாழும் நோர்வேக்கும் இதில் பங்குண்டு. 1994 இல் ஒஸ்லோவில் ட்ரோல்டெக் என்ற சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது ஆக்கிய கருவித் தொகுதியின் மேல், 1996 முதல் பல நாட்டுத் தன்னார்வலர் கூடிக் கே.டி.ஈ. என்னும் திரைச்சூழலைக் கட்டினர். அதன் உலாவிக்காக அவர்கள் எழுதிய நிரலை அப்பிள் நிறுவனம் எடுத்துத் தனது சபாரி உலாவியை 2003 இல் வெளியிட்டது. அதன் வழிவந்ததே கூகிள் குரோமின் உட்பகுதி. இன்று உங்கள் பிள்ளை வீட்டுப்பாடத்தை மறந்து எந்த உலாவியில் காணொளி பார்த்தாலும், அதன் கொடிவழியில் ஓர் ஒஸ்லோப் பாட்டன் இருக்கக்கூடும்.

பெருநிறுவனங்கள் இதனை எவ்வாறு வரவேற்றன என்பது தனிச்சுவை. 2001 இல் மைக்ரோசொப்டின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் போல்மர், லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். அதே நிறுவனம் 2018 இல், திறந்த மூல நிரலாளர் பெரும்பாலோர் கூடும் கிட்ஹப் தளத்தை 750 கோடி டொலர் பெறுமதிக்கு வாங்கியது. "அந்தக் குடும்பத்தில் சம்பந்தமே வேண்டாம்" என்று ஊரெல்லாம் தூற்றியவர், பதினேழு ஆண்டு கழித்துத் தட்டுத் தாம்பாளத்தோடு பெண் கேட்டு வந்த கதை இது. எமது ஊர்களில் இது நடந்தால் கல்யாண வீட்டில் ஒருவரும் பழையதைப் பேசமாட்டார்கள். நானும் அதற்கு மேல் பேசவில்லை.

திறந்து பார்த்த சிறுவன்

மாணவர் அறியவேண்டிய நோர்வே வழக்கு ஒன்றும் உண்டு. 1999 இல் பதினைந்து வயதினராயிருந்த யோன் லெக் யொஹான்சன், வேறு சிலருடன் சேர்ந்து, டிவிடி தட்டுகளின் பூட்டைத் திறக்கும் சிறு நிரல் ஒன்றை வெளியிட்டார். அக்காலத்தில் காசு கொடுத்து வாங்கிய தட்டை லினக்ஸ் கணனியில் போட்டுப் பார்க்க வழி இருக்கவில்லை. 2000 ஜனவரியில் பொருளாதாரக் குற்றப் பொலிஸார் அவரது வீட்டைச் சோதனையிட்டனர். வழக்கு நடந்தது. 2003 ஜனவரி 7 ஆம் நாள் ஒஸ்லோ நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அரச தரப்பின் மேன்முறையீட்டிலும் அவ்வாண்டு டிசெம்பரில் அவர் மீண்டும் விடுதலையானார். தான் வாங்கிய தட்டைத் தானே பார்ப்பது குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

பூட்டிய பெட்டிகளையெல்லாம் உடையுங்கள் என்று நான் மாணவருக்குக் கூறவில்லை. குறிப்பாக ஆசிரியர் அறையின் அலுமாரியை. நான் கூறுவது வேறு. எமது பிள்ளைகள் இரண்டு வயதிலேயே திரையைத் தொடக் கற்றுக் கொள்கின்றனர்; பன்னிரண்டு வயதிலும் தொடுவதோடு நின்றுவிடுகின்றனர். திரையின் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு முறையேனும் கேட்காத பிள்ளை, மணவறை மேளத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கல்யாணம் என்றால் அவ்வளவுதான் என்று எண்ணும் பிள்ளையை ஒக்கும். திறந்த மென்பொருள் அக்கேள்வியைக் கேட்பவருக்கு விடையைத் தடையின்றிக் காட்டுகிறது. பள்ளிப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் எது?

சிரமதானமும் டுக்னாட்டும்

இனிக் கதையின் கசப்பான பகுதிக்கு வருவோம்.

மேல்வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு நாள் என்னைக் கேட்டார்: "சேர், காசு ஒண்டும் இல்லாமல் அவையள் ஏன் இவ்வளவு மினக்கெடீனம்?" நான் விடையளிக்க வாய் திறக்குமுன், பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி முந்திக்கொண்டார்: "அப்ப, சேர் ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாறார்?" வகுப்பே சிரித்தது. அதன் பின் எனது நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை.

எமது ஊரில் சிரமதானம் என்போம். நோர்வேஜியர் டுக்னாட் என்பர். இலைகுழை கூட்டுவதாயினும் கட்டடத்துக்கு வர்ணம் பூசுவதாயினும் அயலவர் கூடிக் கூலியின்றிச் செய்யும் பொதுப்பணி அது. இரண்டுக்கும் பொதுவான ஓர் இயல்பும் உண்டு: மண்வெட்டி எடுக்கும் நேரத்தில் ஐந்து பேர் இருப்பர், தேநீரும் வாப்பலும் வரும் நேரத்தில் ஐம்பது பேர் இருப்பர். திறந்த மூல உலகத்தில் வாப்பலுக்கு வந்து நின்றோர் உலகின் மிகப்பெரும் செல்வந்த நிறுவனங்கள் என்பதே வேறுபாடு.

2014 ஏப்ரல் 7 ஆம் நாள் "ஹார்ட்பிளீட்" என்னும் பிழை வெளிப்பட்டது. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல்லையும் வங்கி இலக்கத்தையும் மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில், இரண்டாண்டுக்கு மேலாக ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. உலகின் வங்கிகளும் அரசுகளும் நம்பியிருந்த அம்மென்பொருளில் முழுநேரமாகப் பணியாற்றியவர் ஒருவர் மட்டுமே. அதற்கு ஆண்டுக்குக் கிடைத்து வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். எமது பாடசாலையின் கோடைவிழா வாப்பல் விற்பனையோடு ஒப்பிடக்கூடிய தொகை அது. இரகசியம் வெளிப்பட்ட பின்னரே பெருநிறுவனங்கள் கூடி நிதியம் அமைத்தன.

2016 மார்ச்சில் இன்னொரு வேடிக்கை. ஒரு பெயர் குறித்த தகராற்றினால் மனம் நொந்த நிரலாளர் ஒருவர், பொதுக் களஞ்சியத்தில் தாம் வைத்திருந்த சிறு நிரல்கள் யாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவற்றுள் ஒன்று வெறும் 11 வரி. சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்ப்பதே அதன் முழுத்தொழில். அந்தப் பதினொரு வரியில் தங்கியிருந்த எண்ணற்ற மென்பொருள்களின் கட்டுமானம் உலகெங்கும் தடைப்பட்டது. களஞ்சியத்தார் ஓடோடி வந்து அதனை மீண்டும் நிறுவினர். கோபித்துக்கொண்டு போன சமையற்காரர் உப்புச் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு போனால், நூறு பேர் பந்தி என்னாகும் என்பதை அறிய விரும்புவோர் இதனை நினைவிற் கொள்க.

அரை நொடி

இவற்றுக்கெல்லாம் சிகரமானது 2024 இல் நிகழ்ந்தது. எக்ஸ்-இசெட் என்பது கோப்புகளைச் சுருக்கி அடக்கும் ஒரு கருவி. பொதுமக்கள் அதன் பெயரையே அறியார். லினக்ஸ் கணனிகளிலோ அது எங்கும் உண்டு. அதனைப் பல ஆண்டுகளாகத் தனியொருவராகப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொலின். ஊதியம் இல்லை, அவரது ஓய்வுநேரமே மூலதனம்.

2021 இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பணிவானவர்; பயனுள்ள திருத்தங்களை அனுப்பினார். 2022 இல் வேறு சில பெயர்களில் முறைப்பாடுகள் வரத் தொடங்கின. வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாதா என்று அவை கொலினை இடைவிடாது நெருக்கின. ஓய்வின்றி உழைத்த ஒருவருக்கு ஒருபுறம் ஏச்சு, மறுபுறம் உதவிக்கரம். எவர்தாம் அக்கரத்தைப் பற்றமாட்டார்? படிப்படியாகப் பொறுப்பு கைமாறியது. 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், பிறர் கணனிக்குள் இரகசியமாக நுழைவதற்கான பின்கதவு ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அம்முறைப்பாட்டுக்காரரும் ஒரே நாடகத்தின் பாத்திரங்களே என்பது துறைசார்ந்தோர் பலரின் கணிப்பு.

இதனைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரேஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர். அவர் பாதுகாப்புத் துறையினர் அல்லர். தரவுத்தளப் பணியில் ஈடுபட்டவர். தொலைவிலுள்ள கணனியில் உள்நுழைய வழக்கமாக ஏறத்தாழ 0.3 நொடி எடுக்கும். அன்று ஏறத்தாழ 0.8 நொடி எடுத்தது. "இந்த அரை நொடி எங்கே போயிற்று?" என்று அவர் தேடினார். தேடித் தேடிப் பின்கதவைக் கண்டு, 2024 மார்ச் 29 ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, உலகுக்கு அறிவித்தார். பரவலாகப் பயன்படும் நிலையான பதிப்புகளுக்குள் அது நுழையுமுன் தடுக்கப்பட்டது. அவர் பணியாற்றிய நிறுவனம் மைக்ரோசொப்ட் என்பதையும் நியாயத்துக்காகக் குறிப்பிட வேண்டும். சம்பந்தி வீட்டார் சில வேளைகளில் நன்மையும் செய்வர்.

எமது இளைஞர் ஓர் இணையப்பக்கம் அரை நொடி தாமதித்தால் எழுப்பும் பெருமூச்சை நான் அறிவேன். பெருமூச்சோடு நில்லாமல் காரணத்தைத் தேடிய ஒருவரால் எத்தனையோ கணனிகள் தப்பின. கணக்கில் விடை சரியாக வந்த பின்னும் "ஏன்?" என்று கேட்கும்படி ஆசிரியர் வற்புறுத்துவது வீண் தொல்லையன்று என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கதவும் கண்களும்

"பார்த்தீர்களா, திறந்து வைத்ததால் வந்த வினை!" என்று சிலர் கூறுவர். நான் உடன்படேன். மூல நிரல் எவரும் காணக் கிடைத்தபடியாற்றான் பிராயிண்டினால் அரை நொடியைத் துரத்திச் சென்று பிடிக்க முடிந்தது. பூட்டிய மென்பொருளாயின், "கணனியை அணைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள்" என்ற அருள்வாக்குடன் விடயம் முடிந்திருக்கும். மேலும், அப்பின்கதவின் ஒரு முக்கிய துணுக்கு, எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்படவில்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியில் மட்டுமே இருந்தது. மற்றப் பகுதி, சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் எவரும் படிக்க இயலாத வடிவில் இருந்தது. அதாவது, திறந்திராத மூலையிலேயே திருட்டு ஒளிந்திருந்தது.

ஆயினும் திறந்த மூலத்தின் அன்பர்களும் ஓர் உண்மையை ஏற்கவேண்டும். கண்ணாடிக் கதவு வைப்பது மட்டும் போதாது. அதனூடாகப் பார்க்கக் கண்களும் வேண்டும். ஹார்ட்பிளீட் பிழை இரண்டாண்டு கண்ணாடிக்குப் பின்னால் வெளிப்படையாக நின்றது. "யாராவது பார்த்திருப்பார்கள்" என்று ஒவ்வொருவரும் எண்ணினர். கோயில் தேரை இழுக்க ஊரே திரளும். வடம் பிடிக்க இடம் கிடைக்காது. தேருக்கு முதல்நாள் அச்சாணியைத் தட்டிப் பார்க்கும் ஆசாரியார் தனியாகவே நிற்பார். தேர் குடைசாய்ந்தால் மட்டும் அவர் பெயர் எல்லோருக்கும் நினைவுக்கு வரும்.

எமது அச்சாணிகள்

இவ்வளவும் எமது பாடசாலை மலரில் எதற்கு என்று கேட்போர், எமது பாடசாலையையே ஒருமுறை பார்க்கட்டும். இதுவும் திறந்த மூலமே. பாடம் நடத்துவோர், மண்டபத்தைத் திறப்போர், கதிரை அடுக்குவோர் அனைவரும் தன்னார்வலர். பல திறப்புகள் ஒருவர் கையிலும், பெயர்ப்பதிவுகள் ஒருவர் மடிக்கணனியிலும், பரீட்சைப் பெறுபேறுகள் ஒருவர் நினைவிலும் உள்ளன. வெள்ளி இரவு பத்து மணிக்கு, "நாளை வகுப்பு உண்டோ? ஏன் இன்னும் அறிவிக்கவில்லை?" என்று அவர்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் உண்டு. முன்பின் தெரியாத பெயர்கள் கொலினை நெருக்கியதை வாசித்தபோது, அக்குரலின் தொனி எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது. கூலியின்றி உழைப்பவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது எனது வாதமன்று. கேட்டவர் மறுநாள் காலை வந்து ஒரு கதிரையைத் தூக்கினால் கேள்விக்கு மதிப்புக் கூடும் என்பதே.

தமிழின் நிலையும் இத்தகையதே. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிற்சர்லாந்து முதலிய பல நாடுகளில் இருந்த தமிழர் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி எவரும் பெறும்படி வைத்தனர். 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காத்து வருகிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓரிரவில் போயின. அவற்றுட் சில உலகில் வேறெங்கும் படியில்லாதவை. படியெடுக்கும் சுதந்திரம், பகிரும் சுதந்திரம் என்பன எமக்கு வெறும் கணனிக் கோட்பாடுகள் அல்ல. ஒரே இடத்தில் ஒரே படி இருப்பதன் விலையை நாம் அறிவோம்.

அறிந்திருந்தும், எமது பாடசாலையின் பழைய ஆண்டு மலர்கள் சிலவற்றின் கோப்புகள் இன்று எந்தக் கணனியிலும் ஒழுங்காகத் திறப்பதில்லை. அவற்றை ஆக்கிய மென்பொருள் மறைந்துவிட்டது. எழுத்துருவும் பொது ஒழுங்குக்கு உட்படாதது. திறந்தால், தமிழ்க் கவிதைக்குப் பதிலாக அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் அலங்கோலமாகக் கைகோத்து ஆடுகின்றன. அச்சுப் பிரதிகள் வைத்திருந்த இரு குடும்பத்தாராலேயே அவை எஞ்சியுள்ளன.

எனவே நான்கு வேண்டுகோள்களை நிர்வாகக் குழுவினரதும் பெற்றோரதும் முன் வைக்கின்றேன்.

ஒன்று: பாடசாலையின் எந்தப் பணிக்கும் இருவர் வேண்டும். ஒருவர் அறிந்ததை மற்றவரும் அறிந்திருத்தல் வேண்டும். அந்த இரண்டாமவர் களைத்திருக்கும் முதலாமவரை மாற்ற வருபவராக அல்லாமல், அவருடன் நிற்க வருபவராக இருத்தல் வேண்டும். புதியவருக்குப் பொறுப்பைப் படிப்படியாகவும், எல்லோர் பார்வையிலும் வழங்குவோம்.

இரண்டு: இம்மலர் தொடக்கம் யாவும் ஒருங்குறி எழுத்தில், எவரும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில் சேமிக்கப்படட்டும். பழைய மலர்கள் வருடப்பட்டு, எழுதியோர் இசைவுடன், நூலகத் திட்டத்துக்கு அனுப்பப்படட்டும்.

மூன்று: ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர் தவணைக்கு ஒரு சனிக்கிழமை தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திருத்தட்டும், அல்லது ஒரு திறந்த மென்பொருளின் தமிழ்ச் சொற்களைச் செம்மைப்படுத்தட்டும். "கட்டுரை எழுதுக" என்று நான் கொடுக்கும் தலைப்புகளை என்னைத் தவிர எவரும் வாசிப்பதில்லை. அங்கே எழுதுவதை முன்பின் அறியாத ஒருவர் வாசிப்பார், பிழையிருந்தால் திருத்துவார். அந்த அச்சம் எனது சிவப்பு மையைவிட வலியது.

நான்கு: கோடைவிழா வாப்பல் வருமானத்தில் ஒரு சிறு பங்கை, நாம் பயன்படுத்தும் திறந்த மென்பொருள் ஒன்றுக்கு ஆண்டுதோறும் அனுப்புவோம். எந்த மென்பொருள் என்பதை மாணவரே ஆராய்ந்து வாக்களித்துத் தெரிவு செய்யட்டும். தொகை சிறிதாயினும், பந்தியில் அமர்ந்தவர் அடுப்படியை எட்டிப் பார்த்தார் என்ற மரியாதை அதில் உண்டு.

"சும்மா தருகிறார்களாமே, அது நல்லதோ?" என்ற கேள்விக்கு எனது விடை இதுவே: நல்லது. ஆனால் அது சும்மா வருவதன்று. யாரோ ஒருவரின் உறக்கமும் சனிக்கிழமையும் அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டுள்ளன. அவ்விலையை அவர் ஒருவரே தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த உரிமத்திலும் எழுதப்படவில்லை. விழா முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவைக்க ஆட்கள் தேவை. மண்டபத்தின் பின்புறத்தில், வலப்பக்கக் கதவருகே கூடுவோம். இருபது பேர் வந்தால் பத்து நிமிட வேலை.

வாழ்க தமிழ்! வளர்க எமது பாடசாலை!